பேட்டரிக் கட்டத்தில் நூறு

மட்டாஞ்சேரியில் என் போட்டோஸ்டாட் கடைக்கு வருகிறவர்கள் எந்திரத்தின் கோளாறைச் சொல்லும் விதமே தனி. ஒருவர் தன் கம்ப்யூட்டர் உண்ணாவிரதம் இருக்கிறது என்பார். மிளகு கோடவுனில் வேலை செய்கிறவர், பிரிண்டருக்கு நேற்றைய கோபம் இன்னும் தீரவில்லை என்பார். நான் கம்ப்யூட்டரைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் இல்லை. நகல் எடுத்துக்கொடுக்கக் கடையில் நின்றவள், மூடியைக் கழற்றிப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஆட்களின் இந்தப் பேச்சுதான் எனக்குப் பாடப்புத்தகம். சொல்கிறவர் வாயைக் கவனித்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும்.

எங்கள் சந்தில் குடியிருக்கும் நர்ஸ் அந்தத் திங்கட்கிழமை தன் லேப்டாப்பை என் மேசையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்கா, இதுக்குக் காய்ச்சல். தொட்டுப் பாருங்க. ஃபிட்ஸ் வந்த பிள்ளை மாதிரி பேசிட்டு இருக்கும்போதே கண்ணை மூடிக்குது."

தொட்டேன். அடிப்பக்கம் தோசைக்கல் போல இருந்தது.

"எப்ப வேணும்?"

"புதன்கிழமை பதினோரு மணிக்கு எனக்குப் பரீட்சை, அக்கா. இதுலதான்."

வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று அவளுக்கு வேலை தருவதாகக் கடிதம் அனுப்பியிருந்தது. ஆங்கிலத் தேர்வில் தேறிய சான்றிதழ் அடுத்த திங்கட்கிழமைக்குள் போய்ச்சேர வேண்டும். தேர்வு மையங்களில் அடுத்த மாதம்தான் இடம். வீட்டிலிருந்தே எழுதும் தேர்வில் மட்டும் இந்தப் புதன்கிழமை கிடைத்திருந்தது. மூடிய அறை, ஒற்றை ஆள், கேமரா வழியாக எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருக்கும் கண்காணிப்பாளர். நடுவில் எந்திரம் அணைந்தால் தேர்வு ரத்து. மறுபடி எழுதக் காத்திருக்க வேண்டிய நாட்களைக் கணக்கிட்டால் கடிதத்தின் கெடு தாண்டிவிடும். ஏற்கெனவே ஒரு தடவை அரை மதிப்பெண்ணில் தவறியவள் அவள்.

வேறு லேப்டாப் பார்க்காமல் இல்லை. இடக்கொச்சியில் இருக்கும் கொழுந்தனாரிடம் வாங்கிப் பார்த்தாள். அது அவருடைய ஆபீஸ் லேப்டாப். தேர்வு மென்பொருளை உள்ளே விடவே மாட்டேன் என்றுவிட்டது. என் கடைக் கம்ப்யூட்டர்களில் கேமராவும் இல்லை, கடைக்குக் கதவும் இல்லை, ஷட்டர்தான்.

கழற்றினேன். தூசியைத் தட்டினேன். பிராசசரின் மேல் தடவும் பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது, மாற்றினேன். ஆனால் உள்ளே இருக்கும் விசிறியின் அச்சு தேய்ந்து அது தள்ளாடிச் சுற்றியது. புது விசிறி எறணாகுளத்தில் சொல்லிவைத்தால் வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.

விசிறியை மாற்ற முடியாது, வேலையைக் குறைக்கலாம். அதற்கென்றே நான் வைத்திருக்கும் சின்ன மென்பொருள் ஒன்று உண்டு. பிராசசரின் வேகம் எவ்வளவு, எத்தனை வாட் மின்சாரம் குடிக்கிறது, சூடு எத்தனை டிகிரி என்று நொடிக்கு நொடி காட்டும். ஓரத்தில் இருக்கும் ஒரு குமிழை இழுத்தால் வேகம் இறங்கும். வேகம் இறங்கினால் குடிக்கும் மின்சாரம் இறங்கும், மின்சாரம் இறங்கினால் சூடு இறங்கும். நர்ஸிடம் காட்டியபோது அவள் முகம் அன்றைக்கு முதல் தடவையாகத் தெளிந்தது.

"இது ஐ.சி.யூ மானிட்டர்தானே அக்கா! இது எனக்குப் புரியும்."

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். தேர்வு மென்பொருளுக்கு ஒரு மாதிரித் தேர்வு உண்டு. கேமராவும் மைக்கும் சேர்ந்து ஓட, பிராசசர் முழு வேகத்தில் பாய்ந்தது. எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து. சரியாக ஒன்பதாவது நிமிடம் திரை கறுத்தது. நூறை நெருங்கினால் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள அது அணைந்துகொள்ளும்.

குமிழை இழுத்து வேகத்தைப் பாதியாக்கினேன். கேமராவில் அவள் முகம் வெட்டி வெட்டி வந்தது. கொஞ்சம் ஏற்றினேன். நூற்றுக்கு அறுபது என்ற இடத்தில் முகமும் சீராக வந்தது, சூடும் எழுபத்தெட்டில் நின்றது. இருபது நிமிடம் பார்த்தோம், அசையவில்லை. அவள் புருஷன், கோடவுனில் மூட்டை தூக்குகிறவர், எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எனக்கும் இப்படி ஒரு குமிழ் வச்சுத் தாங்க அக்கா. எங்க மேஸ்திரி மூப்பன் கேட்டா அறுபதுலதான் ஓடுவேன்னு சொல்லிடறேன்."

சிரித்து முடிப்பதற்குள் திரையில் சிவப்புப் பெட்டி. உண்மைத் தேர்வு தொடங்கும்போது வேறு எந்த மென்பொருளும் ஓடக் கூடாது, இவற்றை மூடு என்று பட்டியல். பட்டியலில் முதல் பெயர் எங்கள் குமிழ். மூடினேன். வேகம் பழையபடி நூறுக்குத் தாவியது. கடிவாளத்தைப் பிடித்திருந்த கையையே வெளியே போகச் சொல்கிறார்கள்.

அப்புறம் நினைவு வந்தது, விண்டோஸுக்குள்ளேயே மின்சார அமைப்பில் பிராசசரின் உச்ச வேகத்தைக் குறிக்கும் இடம் இருக்கிறது. அது மென்பொருள் இல்லை, எந்திரத்தின் சொந்தப் பழக்கம். மூடச் சொல்ல யாராலும் முடியாது. அங்கே இரண்டு கட்டங்கள். ஒன்று கரண்டில் ஓடும்போது, மற்றொன்று பேட்டரியில் ஓடும்போது. கரண்ட் கட்டத்தில் அறுபது என்று அடித்தேன். பேட்டரிக் கட்டத்தில் என் விரல்கள் நூறு என்று அடித்தன.

அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். உலகத்தில் எல்லாரும் பேட்டரிக்குத்தான் வேகத்தைக் குறைப்பார்கள். எங்கள் சந்தில் தலைகீழ். மழைக்காலத்தில் கரண்ட் போனதும் ஒவ்வொருவரும் அலறிக்கொண்டு வருவார்கள். பேட்டரி சாவதற்குள் விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும், வேகமாக ஓட்டிக்கொடு என்பார்கள். அதனால் எனக்கு ஒரு வழக்கம் ஆகிப்போனது. யார் லேப்டாப் வந்தாலும் பேட்டரிக் கட்டத்தில் நூறு. யோசிப்பதே இல்லை. பூட்டிய பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பது மாதிரி, கை செய்துவிடும்.

மற்றதெல்லாம் யோசித்தேன். மின்சார அலுவலகத்துக்குப் போன் செய்து புதன்கிழமை கரண்ட் நிறுத்தம் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார்கள். ரூட்டருக்கு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி வாங்கிப் பொருத்தினேன். அறைக்குள் இருந்த பிளக் லூஸாக இருந்ததால், முன்னறையிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரைக் கதவுக்கு அடியில் விட்டேன். பெருமையாகத்தான் இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கதவு மூடியது. முன்னறைக் கட்டிலில் நானும் அவள் புருஷனும். வெளியே மழை. பேசக் கூடாது, இருமக் கூடாது. எதிர்ச் சாயாக்கடைச் சேட்டனிடம் முன்னாலேயே சொல்லியிருந்தோம். அவர் பாவம், அன்றைக்குச் சாயாவை உயர்த்தி ஆற்றக்கூட இல்லை, ஸ்பூனால் கலக்கினார்.

பன்னிரண்டரைக்கு எங்கேயோ ஒரு கிளை முறிந்து விழும் சத்தம். தலைக்கு மேலே மின்விசிறி நின்றது.

அவர் என்னைப் பார்த்தார். நான் ரூட்டரைக் காட்டினேன், விளக்கு எரிந்தது. கட்டைவிரலை உயர்த்தினேன். லேப்டாப் பேட்டரி முக்கால் மணி நேரம் தாங்கும், தேர்வு முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம். அவர் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார்.

அப்போதுதான் கதவுக்குப் பின்னால் அந்தச் சத்தம். லேப்டாப்பின் தேய்ந்த விசிறி உறுமத் தொடங்கியிருந்தது. நேற்று முழு வேகத்தில் கேட்ட அதே உறுமல். ஏன் என்று ஒரு கணம் புரியவில்லை. பிறகு என் வலது கையைப் பார்த்தேன். அது நூறு என்று அடித்தது கண்ணுக்குத் தெரிந்தது.

பேட்டரிக்கு மாறியதும் கடிவாளம் கழன்றுவிட்டது. மறுபடி கரண்ட் கிடைத்தால்தான் வேகம் அறுபதுக்கு இறங்கும். ஒன்பது நிமிடம். கதவைத் திறந்தால் தேர்வு ரத்து. திறக்காவிட்டால் எந்திரம் அணையும், அப்போதும் ரத்து.

அவர் காதில் சொன்னேன்: "கரண்ட் குடுக்கணும். எங்கிருந்தாவது. எட்டு நிமிஷத்துல."

"என்ன ஆச்சு அக்கா?"

"எங்கிட்டதான் தப்பு. அப்புறம் சொல்றேன். என் கடையில யூ.பி.எஸ் இருக்கு, வாங்க."

நாலு கடை தள்ளித்தான் என் கடை. மழையில் ஓடினோம். கம்ப்யூட்டரிலிருந்து யூ.பி.எஸ்ஸைப் பிடுங்கினேன். யாருடைய விண்ணப்பமோ பாதியில் போனது. அதைத் தூக்க என்னால் ஆகாது, அவர் மிளகு மூட்டை போலத் தோளில் ஏற்றிக்கொண்டார். கரண்ட் இல்லாதபோது அந்தப் பெட்டி சும்மா இருக்காது. நொடிக்கொரு தரம் பீ, பீ என்று கூவும். அதை நிறுத்தும் வழி எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

சேட்டன் கடையிலிருந்து இறங்கி வந்தார். "எந்தாணு இது, தோள்ல கோழிக்குஞ்சா?"

"மிண்டாதீங்க சேட்டா, பேசவே கூடாது," என்றேன். "இது கூவினா உள்ள மைக்ல கேட்கும். பேசற பரீட்சை இப்ப வரும்."

அவர் திரும்பி ஓடினார். கடைக்குள் போய் இரண்டு சாக்கும் ஒரு குடையும் எடுத்துவந்தார். வாசல்படியில், கூரை இறங்கும் இடத்தில், பெட்டியை வைத்தோம். நான் முன்னறைக்குள் போய் எக்ஸ்டென்ஷனின் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி ஜன்னல் கம்பி வழியாக வெளியே நீட்டினேன். வயர் ஒரு முழம் போதவில்லை. கட்டிலை மெல்லத் தூக்கி, அதன் காலில் சுற்றியிருந்த வயரை விடுவித்தேன். உள்ளே விசிறி இப்போது உறுமவில்லை, கீச்சிட்டது.

பிளக் எட்டியது. பொருத்தினார்கள். சேட்டன் பெட்டியின் மேல் சாக்கைப் போர்த்தி, அதன் மேல் இன்னொன்றைப் போர்த்தி, தான் நனைந்துகொண்டு பெட்டிக்குக் குடை பிடித்தார். ஒரு எந்திரத்தின் சூட்டை இறக்க இன்னொன்றைப் போர்த்திச் சூடேற்றிக்கொண்டிருக்கிறோம் என்று தெரிந்தது. செய்வதற்கு வேறொன்றுமில்லை.

கதவில் காதை வைத்தேன். கீச்சு நிற்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் எட்டு நிமிடம் தாண்டியிருந்தது. அவள் புருஷன் என் பின்னால் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீங்கள் கெட்டிக்காரி அக்கா என்று நேற்றுச் சொன்ன அதே மனிதர். அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

கீச்சு கரகரப்பாக மாறியது. கரகரப்பு முனகலானது. பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், மழைச் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரமும் பெய்த மழைதான், அப்போதுதான் என் காதுக்கு வந்தது. அதற்குள்ளிருந்து அவள் குரல். ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக, யாரோ ஒரு நோயாளியிடம் பேசுவது போலப் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் சாக்குக்குள்ளிருந்து மெலிதாக, பீ. பீ.

ஒரு ஆட்டோக்காரன் சந்தில் திரும்பி ஹார்னில் கை வைக்கப் போனான். சேட்டன் குடையை விடாமல் மறு கையால் அவனைக் கும்பிட்டார். அவன் எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஒரு மணிக்குக் கதவு திறந்தது. தலை முதல் கால் வரை வியர்வை. "முடிஞ்சுது," என்றாள். அவள் முதலில் கேட்டது: "அக்கா, நடுவுல ஒரு பீப் கேட்டுச்சே, அது என்ன? கரண்ட் போனதும் எனக்கு வார்த்தையே வரல. அப்ப அது கேட்டுச்சு. டியூட்டியில இருக்கற மாதிரி ஆயிடுச்சு. பேஷண்ட் நல்லாயிருக்கான், பேசுன்னு மனசு சொல்லுச்சு."

வாசலுக்கு அழைத்துப் போய்ச் சாக்கை விலக்கிக் காட்டினேன்.

ஆனால் அவள் கேட்டதை மைக்கும் கேட்டிருந்தது. மாலையில் பார்த்தால், தேர்வின் போது வேற்று ஒலி பதிவானதால் முடிவு பரிசீலனையில் என்று வந்திருந்தது. எப்போது முடியும் என்று போடவில்லை. திங்கட்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள்.

ஒரு நாள் மறைத்தேன். வியாழக்கிழமை அவள் நைட் டியூட்டி முடிந்து வரும்போது சந்து முனையிலேயே நிறுத்திச் சொல்லிவிட்டேன். பேட்டரிக் கட்டம், நூறு, என் கை, எல்லாம். திட்டுவாள் என்று நின்றேன். அவள் பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். கோபம் வராமல் இல்லை, முகத்தில் வந்து போனதைப் பார்த்தேன்.

"வார்டுல மருந்து மாறிப்போனா உடனே எழுதி வைக்கச் சொல்வாங்க அக்கா. அடுத்த ஷிப்ட் ஆள் அதே தப்பப் பண்ணக் கூடாதுன்னு. நீங்களும் எழுதி ஒட்டுங்க."

ஒட்டினேன். இப்போதும் என் மேசைக்கு மேலே இருக்கிறது: இரண்டு கட்டத்தையும் பார். கேட்டுவிட்டு அடி.

வெள்ளி போனது. சனி போனது. புது விசிறி வந்தது, பொருத்தும்போது அவள் அந்தப் பக்கமே வரவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அவள் புருஷன் கோடவுனிலிருந்து மூட்டைத் தூசியோடு ஓடிவந்து, என்னிடம் சொல்லாமல், நேராகச் சேட்டன் கடைக்குப் போனார். என் மனம் கனத்துவிட்டது. பிறகு சேட்டன் வாசலுக்கு வந்து, புதன்கிழமை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, கையை முழு உயரத்துக்கும் தூக்கிச் சாயாவை ஆற்றினார். "மோளே! பாஸாயி!"

அவள் போய் ஏழு மாதமாகிறது. லேப்டாப் இங்கேதான், புருஷனிடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதில் அவளோடு பேசுகிறார். புது விசிறி போட்ட பிறகு அறுபது தேவையில்லை, நூறாக்கித் தருகிறேன் என்றேன்.

"வேண்டாம் அக்கா. ரெண்டு கட்டத்துலயும் அறுபதே இருக்கட்டும்," என்றார். "அவ முகம் சில நேரம் கொஞ்சம் மெதுவாத்தான் அசையுது. பரவால்ல, நான் காத்துக்கறேன். நடுவுல போகாம இருந்தா போதும்."