எலிக்கு ஜிலேபி கொடுத்தது யார்?

என் மகள் கவிதாவுக்கு எட்டு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்த நான், நோய் வருவதற்கு முன்பு அவளுக்கு அடிக்கடி ஜிலேபி வாங்கிப் போவேன். "நீ குடுத்துக் குடுத்துத்தான் புள்ளைக்கு வந்துருச்சு" என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது, நானும் அப்படியே நம்பினேன்.

இரண்டாயிரத்து ஆறு வாக்கில், இப்படிப்பட்ட குழந்தைகளுக்காகப் பல்லடத்தில் ஒரு முகாம் நடந்தது. ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, சர்க்கரை நோய் வந்த ஓர் எலியின் கணையத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினாள். அதில் ஒரே நீலப் புள்ளிகள்.

"இதெல்லாம் எதிர்ப்பு அணுக்களுங்க. கிருமியத் தாக்க வேண்டியது, தப்பா இன்சுலின் சுரக்கற செல்லையே தாக்கிருதுங்க. நம்ம குழந்தைகளுக்கும் கிட்டத்தட்ட இப்படித்தானுங்க."

கவிதா துள்ளி எழுந்தாள். "அக்கா, அந்த எலிக்கு யாரு ஜிலேபி குடுத்தாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "யாருமே குடுக்கலை கண்ணு. ஜிலேபியால இது வர்றதில்ல."

கவிதா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "கேட்டியாம்மா? உன்னால வரலையாம்!"

என்னையறியாமல் எழுந்து, "அந்த அணுக்களத் தடுக்க முடியுங்களா?" என்று கேட்டேன்.

"சில எலிகள்ல தடுத்தப்ப நோயே வரலைங்க! மனுசங்களுக்கு இன்னும் வழி தேடிட்டிருக்காங்க. அதுவரைக்கும் ஊசிய மட்டும் விட்டுறாதீங்க."

அதுவரை ஒவ்வொரு ஊசியும் என் தப்புக்கு அவள் அனுபவிக்கும் தண்டனையாகத்தான் எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலம்தான் முதல்முறையாக அதை மருந்து என்று நினைத்துப் போட்டேன்.