மனைவிக்காக வாங்கிய முப்பத்து நான்கு பல்

போன மாதம் புசல்லாவை ஏற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளினேன்.

தள்ளியதுகூடப் பெரிய விஷயமில்லை. பின்னால் வந்த பஸ், வளைவில் என்னை முந்த முடியாமல், நான் தள்ளும் வேகத்திலேயே ஊர்ந்து வந்தது. யன்னலோரம் இருந்தவர்கள் எல்லாரும் ஆற அமரப் பார்த்தார்கள். ஒரு அம்மா, "பாவம், காத்து போயிருச்சு போல" என்றார். நானும் உடனே குனிந்து டயரை அமுக்கிப் பார்த்தேன். மானத்தைக் காப்பாற்ற வேறு என்ன வழி?

'புசல்லாவைக்குக் கால் ஊன்றாமல் ஏறிக் காட்டுகிறேன்' என்று இதே பத்தியில் முன்பொரு வாரம் நான் எழுதியது சிலருக்கு ஞாபகம் இருக்கும். மறந்தவர்கள் புண்ணியவான்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் மட்டும் ஒருவரும் மறக்கவில்லை. இன்னொரு தடவை இறங்கினால், தண்ணீர்ப் போத்தல் கொண்டுவரும் வான் வண்டியில் என்னை ஏற்றிவிடுவது என்று தீர்மானமே போட்டுவிட்டார்கள்.

கோளாறு காலில் இல்லை — பல்லில். ரோட் பைக்கில் பெடலோடு சேர்ந்து சுற்றும் கிராங்கில் இரண்டு பல்சக்கரங்கள் உண்டு. பெரியது சமதரைக்கு, சின்னது ஏற்றத்துக்கு. சின்னதில் பல் குறையக் குறைய ஏற்றத்தில் காலுக்குச் சுகம். என்னுடையது ஐம்பத்து மூன்றும் முப்பத்தொன்பதும். போட்டிக்கு ஓடுகிறவர்களின் அளவு. வாவிக் கரையை விட்டால் சமதரையே இல்லாத கண்டியில், அம்பிட்டிய மேட்டில் குடியிருக்கும் தொப்பை வைத்த வங்கி உத்தியோகத்தனுக்கு அது எதற்கு?

எதற்கென்றால்... எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம். தேநீர்க் கடையில் சைக்கிள்களைச் சாத்தியதும் ஒவ்வொருவரும் மற்றவரின் கிராங்கைக் குனிந்து பார்ப்பார்கள், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல. ஐம்பத்து மூன்றென்றால் ஆண்பிள்ளை. சின்னது முப்பத்து நான்கென்றால், "பொம்புளயள் போடுறது" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்புக்குப் பயந்து முழங்காலைத் தேய்த்துக்கொள்கிற ஆண்கள் எத்தனை பேர்!

நானும் ஒருவன். ஆனால் அந்த வான் வண்டியில் ஏறவும் விருப்பமில்லை. ஆகவே திகனவில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நிஸாமுக்கு போன் பண்ணினேன். அவன்தான் எங்கள் கூட்டத்தின் தலைவன். வெளிநாட்டிலிருந்து சைக்கிள் சாமான் எடுத்துத் தருவதும் அவன்தான்.

"முப்பத்தி நாலா? யாருக்கு மச்சான்?"

"வசந்திக்கு."

வசந்தி என் மனைவி. பொய்க்குத் தோதாக அவளிடமும் ஒரு ரோட் பைக் இருந்தது — லண்டன் போன அவள் தம்பி விட்டுச் சென்றது. பின்னேரத்தில் வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவருவாள், அவ்வளவுதான். என் திட்டம் எளிமையானது. சத்தமில்லாமல் என் சைக்கிளில் பூட்டிக்கொள்வது. தேநீர்க் கடையில் செயின் பக்கத்தைச் சுவரோடு சாத்திவிட்டால் யாருக்குத் தெரியும்?

சாமான் வந்தது. சனிக்கிழமை பின்விறாந்தையில் சைக்கிளைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பல்சக்கரத்தில் ஐந்து துளை, கிராங்கிலும் ஐந்து துளை. ஆனால் ஒன்றும் ஒன்றைச் சந்திக்கவில்லை! திருப்பி வைத்தேன். புரட்டி வைத்தேன். சுத்தியலைக்கூட ஒருமுறை பார்த்தேன். கடைசியில் நிஸாமுக்கே போன்.

"வசந்தியின்ரை சைக்கிளுக்குப் பூட்டிப் பாக்கிறன், துளை சந்திக்குதில்லையடா."

"அவட கிராங்க்ல துளை வட்டம் சின்னன் மச்சான், கட்டாயம் உக்காரும். ஒன்டதப் போல பெரிய வட்டத்துக்குத்தான் முப்பத்தெட்டுக்குக் கீழ போட ஏலா. நீ ஒண்டும் செய்யாம இரி, நான் வாறன்."

பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் செய்தவன் நான். ஐந்து துளைக்குப் பொருத்தம் பார்க்கத் தோன்றவில்லை. நம் ஆட்கள் எல்லாருமே அப்படித்தானே? பிள்ளைக்குச் சோதனையில் எத்தனை ஏ, வீட்டுக்கு எத்தனை அறை என்று எண்ணிக்கையைத்தான் விசாரிப்போம். அது நமக்கு ஒத்துவருமா என்பது பிறகுதான் தெரியும்.

நிஸாம் வந்தான். வசந்தியின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பூட்டினான். அது பிறந்த வீடு போல உட்கார்ந்தது.

"எனக்கே?" என்றாள் வசந்தி.

"ஓ தங்கச்சி, ஒங்களுக்கெண்டு சொல்லித்தான் எடுத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். விறாந்தையில் உதிரியாகக் கிடந்த என் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

போன ஞாயிறு மறுபடி புசல்லாவை. "நானும் வாறன்" என்று அவளும் கிளம்பிவிட்டாள். ஏற்றம் தொடங்கியதும் நான் அதே பழைய முப்பத்தொன்பதில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன். நாலு வளைவு தாண்டியிருக்காது, மூச்சு முட்டி இறங்கிவிட்டேன். பக்கத்தால் ஆறுதலாக ஒரு சைக்கிள் ஏறிப் போனது.

"ஆறுதலாத் தள்ளிக்கொண்டு வாங்கோப்பா. நான் கடையிலை நிக்கிறன்."

கூட்டத்தார் தள்ளவும் விடவில்லை. தீர்மானம் தீர்மானம்தான். தண்ணீர்ப் போத்தல்களுக்கு நடுவே குந்திக்கொண்டு கடைவாசலில் போய் இறங்கினேன். எல்லாரும் கைதட்டினார்கள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வியர்த்து ஊற்றிய முகத்தோடு அவள் சிரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது அந்த வெட்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. எத்தனை வருஷம் அவளை வாவியைச் சுற்றவிட்டு நான் மட்டும் மலை ஏறியிருக்கிறேன்!

தேநீரை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "எனக்கு வாங்கேல்லை எண்டு அண்டைக்கே தெரியும். உங்கட சைக்கிளைத்தானே கழட்டி வச்சிருந்தனீங்கள்."

"பிறகேன் ஒண்டும் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா எனக்குப் பூட்ட விட்டிருப்பியளே?"

இதற்குள் நம் வீரர்கள் அவளுடைய சைக்கிளைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். பல்லை எண்ணினார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நேற்று நிஸாம் போன் எடுத்தான். கூட்டத்தில் பாதிப் பேர் முப்பத்து நான்குக்குச் சொல்லியிருக்கிறார்களாம் — ஒவ்வொருவரும் தனித்தனியே, இரகசியமாக. எல்லாம் மனைவிமாருக்காம்!

எனக்குத் தெரிந்து, அந்த வீடுகளில் ஒன்றில்கூட மனைவிக்குச் சைக்கிள் கிடையாது.