காடாத் துணி வெளிச்சத்தில் ஒரு படம்

சிங்கப்பூரிலிருந்து என் அண்ணன் எனக்கொரு கேமரா கொண்டுவந்து கொடுத்தபோது என் மகளுக்கு நான்கு வயது. அதில் ஃப்ளாஷ் இருந்தது, ஜூம் இருந்தது, ஃபிலிம் ரோல் தானாகச் சுற்றிக்கொண்டது. என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்ததோ ஒரு பிளாஸ்டிக் டப்பா. அமுக்க ஒரு பித்தான், திருக ஒரு சக்கரம், அவ்வளவுதான். பல்லடத்தில் தறிக்கூடத்தை ஒட்டிய ஒரே வீட்டில் இரண்டு பேரும் குடித்தனம் செய்தோம். இனி இந்த வீட்டில் போட்டோ என்றால் என் போட்டோதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

"பாப்பா போட்டோ ஒண்ணப் பெருசு பண்ணி ஆசாரத்துல மாட்டிப்போடலாம்" என்று என் கணவர் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் உட்காரும் முன்கூடம் அது. அங்கே மாட்டப்போவது நான் எடுத்த படமாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

பட்டுப்பாவாடை கட்டி, நல்ல உச்சிவெயிலில் மகளை வாசலில் நிறுத்தினேன். முகத்தில் வெயில் அடித்தால்தான் படம் பளிச்சென்று வரும் என்பது என் எண்ணம். புதிதாகக் கட்டிய போர்ட்டிகோ விழ வேண்டும், ஸ்கூட்டர் விழ வேண்டும், கால் வெட்டுப்படக் கூடாது. பின்வாங்கிப் பின்வாங்கி ரோட்டுக்கே போய்விட்டேன். கழுவி வந்ததில் ஸ்கூட்டர் மிக நன்றாக இருந்தது. குழந்தையைத் தேட வேண்டியிருந்தது, அதுவும் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஃப்ளாஷ் போட்டு எடுத்ததில் கண் சிவந்து, முதுகுக்குப் பின்னால் சுவரில் கன்னங்கரேலென்று ஒரு நிழல்.

அதே வாரம் ஓரகத்தியும் எடுத்தாள். பொடக்காலியில், வீட்டின் பின்பக்கம், தகரக்கூரை நிழல் முடியும் இடத்தில் பாப்பா பழைய கவுனோடு உட்கார்ந்திருந்தது. விளக்குமாறும் சோப்பு டப்பாவும் தெரியாமல் பின்னால் தறியில் நெய்த வெளுக்காத காடாத் துணி ஒன்றைத் தொங்கவிட்டாள். முன்னால் தரையில், வெளிச்சம் பட்டு முகத்துக்குத் திரும்பும்படி, அதே துணியில் இன்னொரு துண்டை விரித்தாள். பிறகு மண்ணிலேயே சம்மணமிட்டு, குழந்தையின் கண்ணுக்கு நேராகக் கேமராவை வைத்தாள்.

அந்தப் படத்தில் என் மகள் சிரித்தாள். ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் லேசான இருட்டு, கண்ணுக்குள் ஒரு துளி வானம். என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததே இல்லை. என் கணவர் அதைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. "இதையவே பெருசு பண்ணலாம்" என்றார்.

எனக்குப் பொறாமை. "கால வெட்டிப்போட்டியே அம்மணி, சவுனம் ஆகாது" என்றேன்.

"அப்படீங்களாக்கா, தெரியாமச் செஞ்சுபோட்டனுங்க" என்று அவள் படத்தை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள். அவள் கோபப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிடக் கேமராவைக் கிணற்றில் போடலாம். அதனால் ஒளிந்து பார்த்தேன். உச்சிவெயிலில் அவள் கேமராவைத் தொடுவதில்லை. நாலு மணிக்கு மேல், வெயில் சாய்ந்த பிறகுதான் எடுக்கிறாள். ஆளை நடுவில் நிறுத்தாமல் ஓரமாக ஒதுக்குகிறாள். "இங்க பாரு, சிரி" என்று சொல்வதே இல்லை. எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டு, ஒருநாள் அவள் சமையலறையில் இருந்த நேரம் பார்த்துத் தறிக்கூடத்திலிருந்து இரண்டு துண்டு காடா எடுத்து வந்தேன்.

அதே இடம், அதே நிழல். சேலை மண்ணாவதைப் பார்க்காமல் உட்கார்ந்தேன். மகளை இடப்பக்கம் ஒதுக்கினேன். என் கையில் கேமராவைக் கண்டால் அவள் பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் விறைத்துக்கொள்வாள், அன்றும் விறைத்தாள். நான் வாயே திறக்காமல் காத்திருந்தேன். திடீரென்று வலப்பக்கம் பார்த்து, முகமெல்லாம் மலரச் சிரித்தாள். அமுக்கிவிட்டேன்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சமையலறை வாசலில் கையில் முருங்கைக்கீரையோடு ஓரகத்தி நின்றிருந்தாள். கூப்பிடவில்லை, கை ஆட்டவில்லை. சும்மா நின்றிருந்தாள்.

அந்தப் படம்தான் பெரிதாகி ஆசாரத்துக்கு வந்தது. இதிலும் கால் இல்லை. சவுனத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, அவள்கூட. "பாப்பா பாக்கற பக்கம் எடம் உட்டு எடுத்திருக்கறீங்க பாருங்கக்கா, அதுதானுங்க அழகு" என்று மட்டும் சொன்னாள். வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். நான் தலையாட்டிவிட்டுக் காப்பி போட எழுந்து போவேன்.

ஏழாவது படிக்கும்போது ஒருநாள் மகள் அந்தப் படத்தின் முன்னால் நின்றாள். நானும் ஓரகத்தியும் கீழே உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தோம்.

"ஏம்மா, போட்டோ எடுத்தது நீயி. அப்பறம் நான் யாரப் பாத்து இப்படிச் சிரிக்கறேன்?"

"பூனை ஒண்ணு வந்துச்சு கண்ணு" என்றேன்.

நாங்கள் பூனை வளர்த்ததே இல்லை. ஓரகத்தி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு அவரையை உரித்துக்கொண்டே, "ஆமா சாமி, வெள்ளப் பூனை" என்றாள்.