தொட்டிக்குப் பின்னால் நின்ற கெட்டிக்காரி

அறுபதுகளில் செஞ்சியில் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தேன். வல்லத்தில் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் வீட்டில் முதலில் படித்தவள் நான். எனக்கு ஒன்றும் தெரியாது என்று கண்டுபிடித்து ஒருநாள் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றே பயந்துகொண்டிருந்தேன். எங்களில் கெட்டிக்காரி ஒரு கிறிஸ்தவப் பெண். அவளைப் பார்த்தால் என் பயம் இன்னும் கூடும்.

ஒரு காலை எங்கள் இருவரையும் பிரசவம் பார்க்க அழைத்தார்கள். கை கழுவப் போனால், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு?"

"ஒவ்வொரு வாட்டியும் இப்டித்தான். எனக்கு ஒண்ணும் தெரியலன்னு இன்னிக்குக் கண்டுபுடிச்சிடுவாங்கன்னு பயமா இருக்குது."

என் மனதில் இருந்ததை அவள் வாயால் கேட்டுத் திகைத்துப்போனேன். "எனக்கும் அதாண்டி" என்றேன்.

"அப்ப வா, ரெண்டு பேருமா போலாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை நடுங்கியது.

குழந்தை நீலம் பாரித்துப் பிறந்தது, அழவில்லை. அவள் அதன் வாயைத் துடைத்து முதுகைத் தேய்த்தாள். இப்போது அந்தக் கையில் நடுக்கமே இல்லை. கேட்கும் முன்பே நான் துணியை நீட்டினேன். குழந்தை வீறிட்டு அழுதது.

இத்தனை பயத்தை வைத்துக்கொண்டா இவள் இதைச் செய்கிறாள் என்று நினைத்தபடி குழந்தையைத் துணியில் சுற்றினேன். அதன்பிறகு பிரசவ அறைக்குள் போகும் முன் இருவரும் பயத்தைச் சொல்லிக்கொள்வோம். பயிற்சியை இருவருமே முடித்தோம்.