தயானியின் பழுப்புக் கடல்

பாரிசில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில், சிவமணி அக்காவின் அலங்காரக் கடைக்குத் திரைச்சீலை வரைந்து கொடுப்பவள் தயானி. கல்யாணம், பெண்பிள்ளை பெரியவளானதும் செய்யும் சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் எதுவென்றாலும் மேடைக்குப் பின்னால் தொங்கும் மயிலும் தாமரைக்குளமும் அவள் கைவேலை. முல்லைத்தீவிலிருந்து 2010இல் பாரிசுக்கு வந்தவள். கணவன் தவசீலன் உணவகமொன்றின் சமையலறையில் வேலை. வீடு புறநகரான லெ பிளாங்-மெனிலில்.

2012இல் ஒருநாள் சிவமணி அக்கா அவளைக் கூப்பிட்டாள்.

"தயானி, சாமத்தியமான இந்தப் பெட்டைக்கு மயிலும் வேண்டாமாம், தாமரையும் வேண்டாமாம். கடலும் தீவும் வேணுமாம். கீறுவியோ?"

"ஓம் அக்கா. பாத்துக் கீற ஒரு படம் தாங்கோ."

பயண முகவர் கடையின் விளம்பரத்தாள் ஒன்று கிடைத்தது. குவாதலூப் என்ற கரீபியன் தீவு. தயானி பளீரென்று நீலக்கடலை வரைந்தாள். ஓரத்தில் இடம் வெறுமையாகக் கிடந்ததால் இரண்டு பனைமரங்களையும் நட்டுவிட்டாள்.

சடங்கு பொண்டி என்ற புறநகரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் மர்லீஸ் குவாதலூப்காரி. திரையைக் கண்டதும் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு வந்து நின்றாள்.

"இது என்ன மரம்? எங்கள் தீவில் இப்படி ஒன்று இல்லையே!" என்று பிரெஞ்சில் கேட்டுச் சிரித்தாள்.

தயானிக்கு அப்போது பிரெஞ்சு அரைகுறை. தவறு என்பது மட்டும் விளங்கியது. மன்னிப்புக் கேட்டாள். மர்லீஸ் அவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டாள்.

அப்படித்தான் சனிக்கிழமைகள் தொடங்கின. மர்லீசும் தீவுக்காரர் ஏழெட்டுப் பேரும் ஒரு சங்க அறையில் கூடிப் படம் வரைவார்கள். தாதிகள், பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற தபால்காரர் பெர்னார். கரும்புத் தோட்டம், முகில் மூடிய எரிமலை, தகரக் கூரை வீடு என்று எல்லாம் அவர்கள் பிறந்த மண்தான். ஒரு படத்தில் பெண்கள் தலையில் கட்டியிருந்த, லுங்கிபோல் கட்டம்போட்ட துணியைக் கண்டு, "இது சாறத்துணியெல்லோ!" என்று தயானி தமிழிலேயே சொல்லிவிட்டாள். அதன் பெயர் 'மத்ராஸ்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் ஒருகாலம் கரும்பு வெட்டக் கூட்டிப்போன தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில்கள் இன்னும் அங்கே இருப்பதாகவும் சொன்னார்கள். அவர்களின் படங்களையும் கதைகளையும் வைத்து, போகாத தீவை ஆறு வருடம் வரைந்தாள் தயானி.

2018 கோடையில் மர்லீஸ் அவளைக் குவாதலூப்பில் தன் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனாள். வீட்டுக்கு முன்னால் கடல். ஆனால் நீலம் இல்லை. கரையிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம்வரை பழுப்புக் கடற்களை அடர்ந்து கிடந்தது. ஊரில் சாதாளை ஒதுங்கித் தயானி பார்த்திருக்கிறாள். இவ்வளவு பார்த்ததில்லை. அழுகிய முட்டை நாற்றம். அந்தக் காற்றுப்பட்டே கால்விரலில் கிடந்த வெள்ளி மெட்டி ஒரு கிழமைக்குள் கறுத்துப்போனது.

"உன்னை இந்த நேரம் பார்த்துக் கூட்டி வந்தேனே," என்று மர்லீஸ் கண்கலங்கினாள்.

தயானி உட்காரக் கதிரையொன்றைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனாள். 2009இல் முல்லைத்தீவுக் கடற்கரையில் போர் முடிந்த பிறகு அவள் எந்தக் கடலின் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை. அதை மர்லீசிடம் சொல்லவும் இல்லை. மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வரையத் தொடங்கினாள். மர்லீசின் தங்கை கணவர் வாருகோலால் களையைக் குவிப்பதும், அடுத்த அலை இன்னும் கொண்டுவந்து போடுவதுமாக இருந்தது. கடலையும் அவர் முதுகையும் வரைந்தாள்.

அடுத்த வசந்தத்தில் லா சப்பலில் சிறு மண்டபமொன்றை எடுத்துக் குழுவினர் கண்காட்சி வைத்தார்கள். மேம்பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் சுவரில் படங்கள் நடுங்கின. பழுப்புக் கடலைக் கண்டு பெர்னாரின் முகம் மாறியது.

"எங்கள் தீவின் அழகைப் பார்க்கத்தான் ஆட்கள் வருகிறார்கள். அதன் அழுக்கைக் காட்ட நீ யார்?"

தயானிக்கு முகம் சிவந்தது. தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள்: "ஆறு வருஷம் மற்றவர்கள் பார்த்ததை வரைந்தேன். போனேன். நான் பார்த்தது இது."

கடைசியில் படம் மாட்டப்பட்டது, கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில். சிவமணி அக்கா கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தாள்.

"என்னடியப்பா, ஒடியல்கூழ் மாதிரிக் கிடக்கு? ஆர் வாங்குவினம்?"

"ஒருத்தரும் வாங்கமாட்டினம் அக்கா," என்றாள் தயானி.

நீலக்கடல் படங்கள் இரண்டு விற்றன. பழுப்பு விற்கவில்லை. கண்காட்சி முடியும் நாளில் பெர்னார் அதன் முன்னால் நெடுநேரம் நின்றார். போன கோடையில் தீவில் தன் அக்கா வீட்டு யன்னல்களையும் நாற்றத்தால் திறக்க முடியவில்லை என்றார். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் படத்தைக் கழற்றித் துணியில் சுற்றியவர் அவர்தான்.

மர்லீஸ் அடுத்த பயணத்தில் அதைத் தீவுக்கு எடுத்துப்போய்த் தங்கையிடம் கொடுத்துவிட்டு வந்தாள். தங்கை தன் வரவேற்பறையில் மாட்டிவிட்டுப் பாரிசிலிருந்த மர்லீசுக்குத் தொலைபேசி எடுத்தாள். "நீலக்கடல் எல்லார் வீட்டு நாட்காட்டியிலும் இருக்கிறது. என் மனிசன் பட்ட பாடு இதில்தான் இருக்கிறது," என்றாளாம்.

மர்லீஸ் அதைச் சொன்னபோது தயானி கடையின் பின்னறையில் அடுத்த கல்யாணத்துக்கு மயிலுக்குக் கழுத்து வரைந்துகொண்டிருந்தாள். தூரிகையை வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.