நேட்டாலிலிருந்து வந்த கசப்பிலை

சாந்தோம் குப்பத்தில் தேசம்மாவுக்கு முதலில் கிடைத்த பெயர் 'யெபோக்காரி'. ஆமாம் என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் 'யெபோ' என்ற ஜூலு வார்த்தைதான் அவள் வாயில் முந்திக்கொண்டு வரும். அவள் என்ன செய்வாள்? பிறந்தது, வளர்ந்தது, கலியாணம் கட்டியது எல்லாம் தென்னாப்பிரிக்காவில், நேட்டால் மாகாணத்து டர்பன் துறைமுகத்தில். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போன அவள் அப்பா, ஒப்பந்தம் முடிந்ததும் அங்கேயே வலைவீச உட்கார்ந்துவிட்டார். ஊர் திரும்புகிறவர்களுக்குக் கப்பல் டிக்கெட் இலவசம் என்று அங்கத்திய சர்க்கார் சொன்னதும், 1928-இல் புருஷன் லூர்துசாமி ஒரே பிடியாக நின்று அவளை மெட்ராஸுக்கு அழைத்துவந்தான்.

வரும்போது அவள் மடியில் ஒரு பிஸ்கட் தகரம், அதில் ஒரு செடி. வழியெல்லாம் தனக்கு அளந்து கொடுத்த தண்ணீரில் பாதியை அதற்குத்தான் ஊற்றினாள். காரணம் லூர்துசாமிக்கும் தெரியும். 1918 விஷக்காய்ச்சலில் டர்பனே படுத்தபோது தேசம்மாவும் படுத்தாள். பக்கத்துவீட்டு ஜூலுப் பெண் நொம்வுலாதான் ஒன்பது நாள் கூட இருந்து, இந்த இலையைப் போட்டு ஆவி பிடிக்க வைத்து, கஷாயம் புகட்டி, எழுப்பி உட்கார வைத்தாள். 'உம்லொன்யானே' என்று செடிக்குப் பேர். கப்பலேறும் நாளில் அதை வேரோடு எடுத்துக் கொடுத்தவளும் அவளே.

குடிசைக்குப் பின்னால், உப்புக்காற்று படாத மூலையில் செடி பிடித்துக்கொண்டது. சாம்பல் பூத்த பச்சையில் பொடிப்பொடியாகக் கீறிய இலை. ஆடுகூட வாய்வைக்காத கசப்பு. மயிலாப்பூர் குளக்கரையில் பூ விற்கும் கெங்கம்மா, மீன் வாங்க வந்தவள், அதை மரிக்கொழுந்து என்றே நினைத்து ஒரு கொத்து கேட்டு வாங்கிப்போனாள். அது பூச்சரத்தில் ஏறி, காலேஜில் தாவர சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கும் பத்ரிநாராயணன் வீட்டுக்குப் போயிற்று. அவர் மனைவி ஜானு, மரிக்கொழுந்தில் எங்கேயாவது கற்பூர வாசனை வருமா என்று சரத்தைத் தலையிலிருந்து எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

அன்று சாயங்காலமே கெங்கம்மாவை வழிகாட்டச் சொல்லிக் குப்பத்துக்கு வந்துவிட்டார் அவர். செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மரிக்கொழுந்துக்கு இது ஒண்ணுவிட்ட அக்காம்மா," என்று சிரித்தார். ஒரு கிளையைக் காகிதத்துக்குள் வைத்து அழுத்தி, கொடுத்தவர் பேர் எழுதப் பென்சிலை எடுத்தார். தன் பேர் வேண்டாமென்று தேசம்மா நொம்வுலாவின் பேரைச் சொன்னாள். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

அவர் வழியாகச் சேதி ராயப்பேட்டையில் டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டர் சங்கரனுக்குப் போயிற்று. அப்போது 1934. ஃப்ளூ ஜுரத்துக்குக் காரணம் வைரஸ் என்று முந்தின வருஷம்தான் லண்டனில் கண்டுபிடித்திருந்தார்கள். பூதக்கண்ணாடிக்கும் தெரியாத அந்தக் கிருமியை அடக்க யாரிடமும் மருந்தில்லை. தேசம்மாவின் இலைக்கு அது அடங்குமா பார்த்துவிடலாம் என்று டாக்டருக்கு ஆசை.

தை பிறந்ததும் குப்பத்தில் ஜுரம் புகுந்தது. டாக்டர் ஒரு யோசனை சொன்னார்: படுத்திருப்பவர்களில் பாதிப் பேருக்குக் கஷாயம், மீதிப் பேருக்குக் கருப்பட்டி போட்ட வெந்நீர். யார் முதலில் எழுந்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தேசம்மாவுக்குச் சுருக்கென்றது.

"காய்ச்சல்ல கெடக்கறவனுக்கு வெந்நீ குட்த்துட்டு வேடிக்க பாக்கச் சொல்றியா சாமி?"

பார்த்தால்தான் மற்ற ஊர்க்காரர்களுக்கும் உண்மை தெரியும் என்று டாக்டர் பொறுமையாக விளக்கினார். கடைசியில் அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வெந்நீர் குடிப்பவர்களில் யாராவது வாய்விட்டுக் கஷாயம் கேட்டால் கொடுத்துவிடுவாள். டாக்டர் ஒத்துக்கொண்டார். கஷாயத்தின் வாசனை அப்படி, ஒருவரும் கேட்கவில்லை.

பத்து நாள் அவள் வீடுவீடாக ஏறி இறங்கினாள். யெபோக்காரி என்று சிரித்தவர்கள் வீட்டிலும் தலையைத் தூக்கிப் பிடித்துப் புகட்டினாள். குப்பத்தில் ஒரு உயிரும் போகவில்லை. டாக்டர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார். குடித்தவர்களுக்கும் ஐந்தாறு நாள்தான், குடிக்காதவர்களுக்கும் ஐந்தாறு நாள்தான். குடித்தவர்கள் மட்டும் இருமல் கொஞ்சம் தணிந்து, நன்றாகத் தூங்கியிருக்கிறார்கள். இதைக் கேட்டு அவள் மனம் உடைந்துவிடுவாள் என்று அவருக்குப் பயம்.

தேசம்மா மீன்கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "காய்ச்சல அடிச்சுத் தொரத்தும்னு நொம்வுலா சொல்லவே இல்ல சாமி. அது வந்த வழியா அதுவே போவும். போறவரைக்கும் இது தொண்டைக்குத் தொணைன்னுதான் சொன்னா."

டாக்டர் நோட்டுப் புத்தகத்தை மூடினார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என் பாட்டில் மருந்துக்கும் அதே கதைதான்," என்றார்.

அதற்குப் பிறகு குப்பத்தில் ஏழெட்டு வாசலில் அந்தச் செடி முளைத்தது. லூர்துசாமி கரையில் உட்கார்ந்து, தானே கடல் தாண்டிக் கொண்டுவந்த மாதிரி அதன் பெருமையை அளப்பான். அடுத்த மழைக்காலத்தில் அவனுக்கே இருமல் கட்டிக்கொண்டது. தேசம்மா டம்ளரை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"இன்னா தேசம்மா இது, இத்தயா ஊரே குடிக்குது?"

"பேசாம குடி," என்றாள் அவள், மறு டம்ளரை ஆற்றிக்கொண்டே.