அனுமதிக்குக் காத்திருந்த ஆறு வாரம்

கணினிப் படிப்பின் கடைசி வருஷத்தில் ஆளுக்கொரு செயலி செய்து காட்ட வேண்டும். செய்வதற்கு முன் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்து, மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால் நின்று விளக்கி, கையெழுத்து வாங்க வேண்டும். என் வகுப்பில் பாதிப் பேர் நூலகத்துக்குச் செயலி செய்தார்கள். மீதிப் பேர் மருந்துக்கடைக்கு. எனக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. அந்த வயதில் எனக்கு எதுதான் பிடித்தது என்று கேட்டால் அதற்கும் பதில் இல்லை.

நான் எழுதிக் கொடுத்தது வேறு. ஓப்பன் சோர்ஸ் என்று ஒன்று உண்டு. சிலர் தாங்கள் செய்த செயலியின் உள்வேலை முழுவதையும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்துவிடுவார்கள். உலகத்தில் எவரும் அதிலுள்ள ஒரு பிழையைத் திருத்தி அனுப்பலாம். சரியாக இருந்தால் சேர்த்துக்கொள்வார்கள். இதற்குள் புதிதாக வருகிறவர்கள் எதைப் படிப்பது, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் முழிப்பார்கள். அவர்களுக்குத் தேவையானதையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித் தரும் செயலி, அதுதான் என் திட்டம். எழுபதுக்கு மேற்பட்ட இணைப்புகளைச் சேர்த்து வைத்திருந்தேன்.

எங்கள் விரிவுரையாளர் சிலாபத்துப் பக்கத்துச் சிங்களப் பெண்மணி. மிஸ் என்றுதான் கூப்பிடுவோம். என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, நான் இதுவரை எத்தனை திருத்தம் அனுப்பியிருக்கிறேன் என்று கேட்டார்.

"ஒண்டும் இல்ல, மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. குழுவின் முன் நிற்க இன்னும் ஆறு வாரம் இருக்கிறது, அதற்குள் ஒரே ஒரு திருத்தமாவது எங்காவது அனுப்பிவிட்டு வா என்றார். இல்லாவிட்டால் நூலகச் செயலியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அப்படி மாறினால் ஒரு படிப்புத் தவணை பின்னால் போய், எனக்குக் கீழே படித்தவர்களோடு உட்கார வேண்டிவரும். என் ஊர் எத்தாளையிலிருந்து புத்தளத்துக்கு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து படித்தது அதற்காகவா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

திருத்துவதற்குப் பிழை தேடுவது கஷ்டமாக இருக்கவில்லை. கற்பிட்டியில் கடலுக்குப் போகும் என் மாமா கைபேசியில் காற்றைப் பார்க்க ஒரு செயலி வைத்திருந்தார். வேகத்தைக் கடற்காரரின் கடல்மைல் கணக்கில் காட்டு என்றால் காட்டும். மூடித் திறந்தால் மறுபடியும் கிலோமீற்றரில் வந்து நிற்கும். ஒவ்வொரு நாளும் மாமா அதைத் திட்டிக்கொண்டே மாற்றுவார். தேடிப் பார்த்தேன். அது ஓப்பன் சோர்ஸ். இந்தப் பிழையை யாரோ ஏற்கெனவே அங்கே எழுதிவைத்து, பக்கத்தில் "புதியவர்களுக்கு ஏற்றது" என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், தெரிவைச் சேமிக்கும் ஒரு வரியை எழுத மறந்திருந்தார்கள். அந்த வரியை எழுதி என் கணினியில் ஓட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது. எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம் ஆகியிருக்கும்.

அதை அன்றைக்கே அனுப்பியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் அங்கே விதிகள் என்று ஒரு பக்கம் இருந்தது. அதில், வேலை தொடங்கும் முன் இங்கே ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. சொல்லத்தானே வேண்டும் என்று சொன்னேன். கற்பிட்டிப் பக்கத்து மாணவி நான், ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவள், என் மாமா உங்கள் செயலியைப் பாவிக்கிறார், இந்தப் பிழையைத் திருத்த எனக்கு அனுமதி தருவீர்களா என்று கடிதம் போல எழுதினேன். பிறகு பதிலுக்குக் காத்திருந்தேன்.

ஏன் காத்திருந்தாய் என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் வாசலில் நின்று ஸலாம் சொல்லுவோம். பதில் இல்லாவிட்டால் இரண்டாம் தடவை, பிறகு மூன்றாம் தடவை. அதற்கும் பதில் இல்லாவிட்டால் திரும்பிவிட வேண்டும். ஒரு நோன்புப் பெருநாளைக்கு உம்மா கொடுத்தனுப்பிய வட்டிலப்ப இனிப்போடு ஒரு வீட்டு வாசலில் நின்று மூன்று ஸலாமும் சொன்னேன். உள்ளே டீவி சத்தம் கேட்டது. ஆனாலும் திரும்பி வந்தேன். உம்மா ஒன்றும் கேட்காமல் வட்டிலப்பத்தை வாங்கி மூடிவைத்தார். இன்னொருவருடைய இடத்துக்குள் போவது என்றால் எனக்கு அப்படித்தான் தெரியும். முகம் தெரியாத ஒருவருடைய செயலிக்குள் கை வைப்பதற்கு மட்டும் வேறு சட்டம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாம் நாள் என் செய்தியின் கீழே உயர்த்திய கட்டைவிரல் ஒன்று தோன்றியது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா, கட்டைவிரல் போட்டார் என்றால், பார்த்துவிட்டேன், இத்தோடு பேச்சை நிறுத்து என்று பொருள். வகுப்பில் என் பக்கத்தில் இருப்பவளிடம் காட்டினேன். அவளுடைய பெற்றோர் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முந்தலில் குடியேறியவர்கள். அவள் பேச்சு இன்னும் அந்தப் பக்கத்துப் பேச்சுத்தான்.

"எடியே, அது ஓம் எண்டு சொல்லுறார். அனுப்பிவிடு."

"ஓம் எண்டா ஓம் எண்டு எழுதுவாங்கதானே?"

"நீ என்ன கலியாண வீட்டுக்கே போறாய், ஆள் வந்து கூட்டிக்கொண்டு போக?"

அவளுக்கு என்ன, அவள் மருந்துக்கடைச் செயலி செய்கிறவள். நான் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து இரண்டாவது தடவை கேட்டேன். இன்னும் ஒரு வாரம் கழித்து மூன்றாவது தடவை. மூன்றாவதில் கொஞ்சம் கோபமும் கலந்திருக்கும். பதில் வரவில்லை. அதற்குமேல் நிற்பது மரியாதை இல்லை என்று விலகினேன். அந்தச் செயலியில் யார் எதைப் பேசினாலும் எனக்கும் ஒரு மின்னஞ்சல் வந்து கைபேசி நிறைந்துகொண்டிருந்தது. அதையும் நிறுத்திவிட்டேன். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவே இல்லை.

மிச்ச நாட்களில் எழுபது இணைப்புகளும் தொண்ணூறாகின. ஒன்று, பெரிய செயலியில் தொடங்கு என்றது. இன்னொன்று, சின்னதில் தொடங்கு என்றது. ஒன்று, முதலில் கேள் என்றது. அடுத்தது, கேட்டுக்கொண்டு நிற்காதே என்றது. இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக நானே என் செயலிக்காகச் சேர்த்து வைத்திருந்தேன், ஒரு வித்தியாசமும் தெரியாமல். வேறு பிழை தேடவும் மனம் வரவில்லை. படிக்கப் படிக்கத் தலை கிறுகிறுத்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு மகா புத்தி வந்தது. திருத்தம் போகாததையே காரணமாக்கினால் என்ன? என் திட்டத்தின் முதல் பக்கத்தை மாற்றி எழுதினேன். "புதியவர்களைக் கண்டுகொள்ள ஆளில்லை" என்று தலைப்புப் போட்டேன். கீழே என்னுடைய மூன்று செய்திகளையும், அவற்றின் கீழே இருந்த வெறுமையையும் படமாக ஒட்டினேன். அந்தப் படத்தை எடுத்தது மூன்றாவது செய்தி எழுதிய வாரத்தில். இதைவிட நல்ல ஆதாரம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

குழுவின் முன் நன்றாகத்தான் பேசினேன். வெளியிலிருந்து வந்திருந்த ஒரு ஐயா என் படத்தைப் பார்த்துப் பாவம் என்பதுபோலத் தலையசைத்தார். இன்றைக்குக் கையெழுத்துத்தான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அப்போது மிஸ், படம் வேண்டாம், அந்தப் பக்கத்தையே திறந்து காட்டு என்றார். திறந்தேன். கீழே இறக்கு என்றார். இறக்கினேன்.

என் மூன்றாவது செய்தியின் கீழே வெறுமை இல்லை.

நான் விலகி ஒரு வாரத்துக்குப் பிறகு, சாம்பல் பூனைப் படம் போட்ட ஒருவர் எழுதியிருந்தார். நானும் புதிது, இது என் முதல் திருத்தமாக இருக்கும், நான் எடுத்துக்கொள்ளலாமா? அதற்குச் செயலியைப் பார்த்துக்கொள்பவர் உடனே பதில் போட்டிருந்தார். இலங்கையிலிருந்து ஒரு மாணவி முதலில் கேட்டிருக்கிறார், வேலையை அவரிடம் விட்டிருக்கிறேன், அவர் செய்வார், கொஞ்சம் பொறுங்கள். பத்து நாள் கழித்துப் பூனைப்படக்காரர், இப்போது எடுக்கலாமா என்று மறுபடியும் கேட்டிருந்தார். வந்த பதிலை மிஸ் சத்தமாக வாசித்தார். "இன்னும் கொஞ்சம் பார்ப்போம். அவர் மூன்று தடவை கேட்டவர். அவருக்கு இது மிகவும் முக்கியமாக இருக்க வேண்டும்."

அந்த வேலை முதல் வாரத்திலிருந்தே என்னுடையதாக இருந்திருக்கிறது. கட்டைவிரல் அதைத்தான் சொல்லியிருக்கிறது. நான் எழுதிய இரண்டாவதையும் மூன்றாவதையும் அந்த மனிதர், வேலை நடக்கிறது என்று சொல்லும் செய்தியாக எடுத்திருக்கிறார். அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் அவருக்காகக் காத்திருந்தேன். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டோம். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. முகம் மட்டும் கொதித்தது.

கடைசிச் செய்தி நான் குழுவின் முன் நிற்பதற்கு இரண்டு நாள் முன்னால் எழுதப்பட்டிருந்தது. பூனைப்படக்காரர் எழுதியது. "சரி. அவருக்கு வாழ்த்துகள்."

மிஸ் அதையும் வாசித்துவிட்டுப் மேசையில் இருந்த தாளில் என் தலைப்பைத் திரும்பிப் பார்த்தார்.   வெளியிலிருந்து வந்த ஐயா சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை எடுத்தார். ஒரு வாரம் தருகிறோம், திருத்தத்தை அனுப்பிவிட்டு இந்த முதல் பக்கத்தையும் திருத்திக்கொண்டு வா என்றார்கள்.

நேரே கணினி அறைக்குப் போய், ஆறு வாரமாக என்னிடம் சும்மா கிடந்த அந்த ஒரு வரியை அனுப்பினேன். இந்த முறை யாரிடமும் எதையும் கேட்கவில்லை. மறுநாள் காலை பஸ் பாலாவியைத் தாண்டும்போது சேர்த்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. வந்துவிட்டீர்கள், மிகவும் சந்தோஷம் என்று அந்த மனிதர் எழுதியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்திலா வெட்கத்திலா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் என்ன மகள், தலைசுற்றுதா என்று கேட்டு யன்னலைத் திறந்துவிட்டார்.

திட்டத்தின் முதல் பக்கத்தை முழுதாக அழித்துவிட்டு வேறு எழுதினேன். தொண்ணூறு இணைப்புகளுக்கும் மேலே ஒரு பக்கம். சொன்னதும் தொடங்கலாம், பதிலுக்கு நிற்க வேண்டாம், முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிட்டு விலகுங்கள் என்று அதில் போட்டேன். மிஸ் அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துக் கிடைத்தால் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்தேன்.

அதற்கு முன்பே பூனைப்படக்காரரைத் தேடியிருந்தேன். ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அங்கே கணக்குத் திறந்த நாளும், நானும் புதிது என்று எழுதிய நாளும் ஒன்றுதான். அந்தக் கணக்கிலிருந்து இதுவரை போனது அந்தப் பிழையின் பக்கத்தில் எழுதிய மூன்று செய்திகள் மட்டும். நான் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதே செயலியில் இன்னொரு சின்னப் பிழையைத் தேடிப் பிடித்து, இது உங்களுக்கு, நான் தொடமாட்டேன் என்றும் எழுதினேன். பதில் வரவில்லை. வாரங்கள் போயின. அந்தப் பிழை அப்படியே கிடந்தது.

உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓப்பன் சோர்ஸ் என்பது உம்மாவுக்கு விளங்கவில்லை. மற்றது விளங்கியது.

"அப்ப அந்தப் புள்ளைக்கு வேற வேல குடுத்தாங்களா?"

"இல்ல உம்மா. அவங்க போய்ட்டாங்க."

"எங்க போனாங்க?"

புதியவர்களுக்கு வழிகாட்டும் செயலிக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். என் கண்முன்னால் வந்த ஒரே புதியவரைக் காக்கவைத்துத் திருப்பி அனுப்பியதும் நான்தான்.